துறைகள் ஒன்றோடொன்று பேசட்டும்!

(திருவொற்றியூரில் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய படிப்பு வட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



நான் இன்று எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பல்கலைக்கழகத்தில் மேற்பட்டம் படிக்கிறவர்கள் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றி, அதிலும் ஒரு துறை ஆராய்ச்சியாளர் இன்னொரு துறை ஆராய்ச்சியாளரோடு எப்படிப் பேசுகிறார் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். நானோ பத்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பல்கலைக்கழக வாசலுக்குப் பல தடவை போயிருக்கிறேன்; ஆனால் ஒவ்வொரு தடவையும் கையில் கோரிக்கை மனு இருந்ததே தவிர புத்தகம் இருந்ததில்லை. இப்படிப்பட்டவனுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் நமது சங்கத்துக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். "என்ன ஆராய்ச்சி, அம்மா?" என்று விசாரித்தேன். வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரே பிரச்னையை எடுத்துக்கொண்டால், அவர்களுக்குள் பேச்சு எப்படி நடக்கிறது, எங்கே முறிகிறது என்பதுதான் தமது ஆராய்ச்சி என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "படித்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்குக் கூட ஓர் ஆராய்ச்சியா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "அவர்கள் பேசிக்கொள்வதில்லை, தோழர். அதனால்தான் ஆராய்ச்சி" என்றார்.

பிறகு என்னிடம் ஒரு கேள்வி போட்டார். "எண்ணூரைப் பற்றி ஆராய வந்தவர்கள் உங்களிடம் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? அவர்களில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்ததுண்டா?"

நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். ஆற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனவர் ஒருவர். குழந்தைகளுக்கு இருமல் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டவர் ஒருவர். மீன்பிடிக் குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கெடுத்தவர் ஒருவர். வழக்குக் காகிதங்களை நகல் எடுத்தவர் ஒருவர். நண்டையும் இறாலையும் எடுத்துக்கொண்டு போனவர் ஒருவர். எல்லோரும் நல்ல பிள்ளைகள், வெயிலில் அலைந்தார்கள். ஆனால் இவர்களில் ஒருவர் கூட இன்னொருவரை அறிந்திருக்கவில்லை. வந்து முடிவைச் சொன்னவரும் ஒருவர் கூட இல்லை. பக்கத்தில் இருந்த மீனவக் குப்பத்து மூதாட்டி ஒருத்தி கேட்டாள்: "எத்தினி பேரு புட்டியில தண்ணி எடுத்துக்கினு போனாங்க. அந்தத் தண்ணி இன்னா சொல்லிச்சாம்?"

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

கிரேன் அடியில் கற்ற பாடம்

நான் பதினேழு வயதில் ஒப்பந்தக் கூலியாக கிரேன் கோஷ்டியில் சேர்ந்தேன். எங்கள் கோஷ்டியில் தமிழர் உண்டு, தெலுங்கர் உண்டு, உருது பேசுகிறவர் உண்டு, ஒரிசாவிலிருந்து வந்தவர் உண்டு. ஆனால் பாரம் தொங்கும்போது எல்லோருக்கும் இரண்டே வார்த்தை. "ஹபேஸ்" என்றால் தூக்கு. "ஆரியா" என்றால் இறக்கு. இந்த வார்த்தைகள் தமிழும் அல்ல, இந்தியும் அல்ல. "ஆரியா" போர்த்துக்கீசியக் கப்பல்காரர்கள் விட்டுப்போன சொல் என்கிறார்கள். கப்பலும் சரக்கும் வந்த இடத்தில் பல பாஷைக்காரர்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. வேலைதான் அந்தப் பாஷையை உண்டாக்கியது. இலக்கணம் படித்து யாரும் உண்டாக்கவில்லை.

ஒருநாள் புதிதாக வந்த ஒரு வாலிபனுக்கு "ஆரியா" என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நின்ற இடத்திலேயே நின்றான். இறங்கி வந்த இரும்புக் குழாய்க் கட்டிலிருந்து அவனைத் தள்ளிவிட ஓடிய மூத்த தொழிலாளியின் பாதம் நசுங்கிப் போயிற்று. அவர் அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாததால் ஒரு குடும்பத்தின் சோறு போயிற்று.

இந்தக் கதையை அந்த மாணவியிடம் சொன்னேன். அவர் வியப்போடு கேட்டுவிட்டு, பீட்டர் காலிசன் என்ற விஞ்ஞான சரித்திர ஆசிரியரைப் பற்றிச் சொன்னார். அவர் 1997இல் வெளியிட்ட ஒரு பெரிய நூலில் இதே விஷயத்தைச் சொல்கிறாராம். பௌதிக விஞ்ஞானத்திலேயே சித்தாந்தம் வகுப்பவர், பரிசோதனை செய்பவர், கருவி கட்டுபவர் என்று மூன்று கூட்டம் உண்டு. மூவர் பேச்சும் வேறு வேறு. சந்தையிலும் துறைமுகத்திலும் வேறு வேறு ஜாதி ஜனங்கள் சந்தித்து, பாதிப் பாதியாக ஒரு பேச்சை உண்டாக்கி வியாபாரம் நடத்துவது போல, இவர்களும் நடுவில் ஒரு பாஷையை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. நமது ராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளிக்கு இது புத்தகம் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. தமிழில் கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கும் துறை என்றுதான் பெயர். கல்விப் பிரிவுக்கும் துறை என்றுதான் பெயர். கப்பல் துறையில் நடப்பது கல்வித் துறையில் ஏன் நடக்கவில்லை என்பதே இன்றைய கேள்வி.

ஒரே காற்று, இரண்டு புத்தகம்

2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவை நம்மில் யாரும் மறக்கவில்லை. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. நள்ளிரவில் பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். எந்தப் பக்கம் ஓடுவது, முகத்தில் எதைக் கட்டிக்கொள்வது என்று சொல்ல ஆள் இல்லை. அம்மோனியா தண்ணீரில் உடனே கரையும் வாயு. நனைத்த துணியை முகத்தில் பிடித்து, காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகிப் போ என்ற ஒரு வரி, எந்த ரசாயனப் புத்தகத்தைப் படித்தவருக்கும் தெரிந்த விஷயம். அந்த ஒரு வரி பல்கலைக்கழகத்திலிருந்து பெரியகுப்பத்துக்கு வந்து சேரவில்லை.

அன்று அதிகாலையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலை அருகே காற்றை அளந்தபோது, ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக அறிவித்தது. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரோகிராம். இப்போது கவனியுங்கள்.

ஊர்க்காற்றுக்கு ஒரு புத்தகம் உண்டு. 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தரத்தின்படி, 24 மணி நேரச் சராசரி 400 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர், "ஐந்து மடங்குக்கும் மேல்!" என்று சொல்வார். தொழிற்சாலைக் காற்றுக்கு இன்னொரு புத்தகம் இருந்தது. 1948ஆம் ஆண்டு ஃபாக்டரி சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், எட்டு மணி நேர வேலைக்கு அம்மோனியாவின் வரம்பு 18 மில்லிகிராம். அதாவது 18,000 மைக்ரோகிராம். அந்தப் புத்தகத்தைப் பிடித்திருப்பவர், "வரம்பில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லையே!" என்று சொல்வார். மூன்றாவதாகப் புள்ளிவிவர நிபுணர் ஒருவர் வந்து, "ஏதோ ஒரு நேரத்தில் அளந்த எண்ணை நாள் முழுவதற்குமான சராசரியோடு எப்படி ஒப்பிடுவது?" என்று கேட்பார்.

மூவரில் யார் பொய் சொன்னார்? ஒருவரும் இல்லை. இரண்டு வரம்புக்கும் இடையே 45 மடங்கு வித்தியாசம் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்று, ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிற வயது வந்த தொழிலாளியை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. மற்றொன்று, தொட்டில் குழந்தையும் இளைப்பு நோய்க்காரரும் இரவும் பகலும் சுவாசிக்கிற காற்றுக்குப் போட்ட கணக்கு. ஆனால் மதிலுக்கு உள்ளே எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு, மதிலுக்கு வெளியே பெரியகுப்பத்தில் மீதிப் பதினாறு மணி நேரம் படுத்துத் தூங்குகிற மனிதன் எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தவன்? அவனுக்கு இருப்பது ஒரே நுரையீரல். இரண்டு புத்தகக்காரர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால்தான் அந்த மனிதனுக்குப் பதில் கிடைக்கும்.

அந்தக் கசிவு எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். அந்த மாதத் தொடக்கத்தில் அடித்த மிக்ஜாம் புயலின் அலைகளில் கருங்கற்கள் புரண்டு குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று சர்க்கார் அமைத்த நிபுணர் குழு கருதியது. அலையின் பலம் கடலியல் படித்தவருக்குத் தெரியும். கல்லின் எடை கட்டிட எஞ்சினியருக்குத் தெரியும். குழாயின் தாங்கும் சக்தி இயந்திர எஞ்சினியருக்குத் தெரியும். வாயு நுரையீரலில் செய்யும் வேலை வைத்தியருக்குத் தெரியும். புயல் வந்தால் கல் புரளும் என்பது கரையில் வாழும் மீனவனுக்குத் தெரியும். ஐந்து பேருக்கும் ஒவ்வொரு துண்டு தெரியும். ஐந்து துண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய வேலை எவருடைய வேலையாகவும் இல்லை.

"மாதிரி" படும் பாடு

இன்னொரு சின்ன உதாரணம். அந்த மாணவி எங்கள் முன்னால் "மாதிரி" என்ற ஒரு வார்த்தையை எடுத்து வைத்தார். ரசாயன மாணவருக்கு மாதிரி என்றால் புட்டியில் பிடித்த தண்ணீர். சமூகவியல் மாணவருக்கு மாதிரி என்றால் ஆயிரம் வீட்டில் பொறுக்கி எடுத்த நூறு வீடு. வெள்ளக் கணக்குப் போடும் எஞ்சினியருக்கு மாதிரி என்றால் கம்ப்யூட்டரில் கட்டிய பொய் ஆறு. "எங்கள் மாதிரி சரியில்லை" என்று இந்த மூவரும் ஒரு கூட்டத்தில் சொன்னால், ஒருவர் புட்டி கழுவவில்லை என்கிறார், ஒருவர் வீடுகளைச் சரியாகப் பொறுக்கவில்லை என்கிறார், ஒருவர் கணக்கில் பிசகு என்கிறார். மூவரும் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். தலையாட்டியதால் புரிந்துவிட்டது என்று அர்த்தமல்ல. புரியாத இடத்தில் புரியவில்லை என்று தெரிந்தாலாவது கேட்கலாம்; ஒரே வார்த்தையை வேறு வேறு அர்த்தத்தில் சொல்லும்போது புரியவில்லை என்பதே தெரிவதில்லை. அதுதான் அபாயம்.

வார்த்தை மட்டுமா குற்றவாளி?

ஆனால், தோழர்களே, வார்த்தைகளைச் சரிப்படுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அகராதியில் தீர்கிற சண்டை கொஞ்சம்தான். துறைகள் பேசாமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு.

ஆராய்ச்சி மாணவனின் நிலைமையைப் பாருங்கள். அவன் தன் துறை வழிகாட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். தன் துறைப் பத்திரிகையில் கட்டுரை வர வேண்டும். தன் துறையில்தான் நாளைக்கு உத்தியோகம் தேட வேண்டும். பக்கத்துத் துறைக்காரனோடு ஆறு மாதம் பேசினால் அது அவனுடைய கணக்கில் எங்கும் வரவாக ஏறாது. 2020ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வி என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறது. நல்ல வார்த்தை. ஆனால் உதவித்தொகை நேரத்துக்கு வராத மாணவனிடமும், ஒப்பந்தச் சம்பளத்தில் காலம் தள்ளும் கௌரவ விரிவுரையாளரிடமும் போய், "துறை தாண்டி வா" என்றால் அவன் எதில் கால் வைத்துத் தாண்டுவான்?

பிரிந்து படிப்பதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. ஃபிட்டர் வேலையும் வெல்டர் வேலையும் வேறு வேறாக இருப்பதால்தான் இரண்டிலும் கைத்திறன் வளர்ந்தது. ஒரு விஷயத்தில் ஆழ்ந்து போகிறவன் வேண்டும். ஆனால் தொழிற்சாலையில் ஃபிட்டரும் வெல்டரும் ஒரே பாய்லரில் வேலை செய்கிறார்கள். பாய்லர் வெடித்தால் இருவரும் சாவார்கள். பல்கலைக்கழகத்தில் அந்தப் பொதுப் பாய்லர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது இங்கே, எண்ணூர் முகத்துவாரத்தில் இருக்கிறது.

மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் பெரியது. துறைகள் பேசாமல் இருப்பது சிலருக்கு லாபம். துண்டு துண்டாக இருக்கும் உண்மையை மறுப்பது சுலபம். இது நான் கற்பனையாகச் சொல்வதல்ல. ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள்.

மினமாட்டாவின் பூனைகள்

மினமாட்டா என்பது ஜப்பானில் நம் எண்ணூரைப் போல மீனவர் வாழும் கடற்கரை ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற கம்பெனியின் ரசாயன ஆலை இருந்தது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து ஆடிக் கடலில் விழுவதை ஜனங்கள் முதலில் கண்டார்கள். பிறகு மனிதர்களுக்கும் கை கால் நடுங்கிற்று, பேச்சு குழறிற்று. 1956 மே மாதம் 1ஆம் தேதி, கம்பெனி ஆஸ்பத்திரியின் வைத்தியர் ஹொசொக்காவா இந்த விசித்திர நோயைச் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தார்.

குமாமோட்டோ பல்கலைக்கழகத்து வைத்தியர்கள் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். ஆலைக்குள் எந்த வேலைக்கு எந்த உலோகத்தை உபயோகிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கம்பெனியும் சொல்லவில்லை. மாங்கனீஸ் என்று சந்தேகித்தார்கள், செலினியம் என்றார்கள், தாலியம் என்றார்கள். மூன்று வருஷம் கழித்து, 1959 ஜூலையில்தான், பாதரசக் கூட்டுப்பொருளே காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அசிட்டால்டிஹைட் செய்யும் கிரியையில் பாதரசம் உண்டு என்பது ஆலையின் ரசாயன எஞ்சினியர்களுக்கு நித்தமும் தெரிந்த விஷயம். அந்த எஞ்சினியரும் இந்த வைத்தியரும் ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று வருஷம் எவ்வளவு சுருங்கியிருக்கும்!

இன்னும் கேளுங்கள். 1959இல் ஹொசொக்காவா ஆலையின் கழிவு நீரைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. கம்பெனி அதை வெளியே விடவில்லை. ஜப்பான் சர்க்கார் ஆலைக் கழிவே காரணம் என்று ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். நடுவில் போன ஒன்பது வருஷமும் அந்த விரிகுடா மீனைத் தின்றவர்கள் ஏழை மீனவர்கள். கருவிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை.

அந்த நோயாளிகளோடு வாழ்நாள் முழுவதும் நின்ற ஹரதா மசாசூமி என்ற வைத்தியர், கடைசிக் காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். இது வைத்திய சாஸ்திரத்தால் மட்டும் தீரும் விஷயமல்ல. சட்டம், பொருளாதாரம், ரசாயனம், சமூகவியல் எல்லாம் சேர வேண்டும். நோயாளியும் மீனவனும் அதில் பாடம் சொல்பவர்களாக உட்கார வேண்டும் என்றார். அதற்கு "மினமாட்டா இயல்" என்று பெயர் வைத்தார். 2005இல் குமாமோட்டோ காக்குவென் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது. எனக்கு ஓர் ஆசை. நமது சென்னையில் "எண்ணூர் இயல்" என்று ஒன்று ஏன் ஏற்படக் கூடாது?

பேச வைப்பது எப்படி?

பேச வைப்பதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அமெரிக்காவில் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் பல துறை மேற்பட்ட மாணவர்களைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. மாணவர்கள் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் திண்டாடினார்கள். அதிலிருந்து ஒரு முறையை உண்டாக்கினார்கள். 2007இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். முறை மிகவும் எளிது. வேலையைத் தொடங்கும் முன்பே எல்லோரையும் உட்கார வைத்து, உன் துறையில் எதை நிரூபணம் என்கிறாய், எண்ணால் அளக்க முடியாததை ஒப்புக்கொள்வாயா, ஆராய்ச்சியாளன் நியாயம் அநியாயம் பேசலாமா என்பன போன்ற விஷயங்களில் ஒவ்வொருவரும் தம் அபிப்பிராயத்தைக் குறிக்க வேண்டும். குறித்த பிறகு, எங்கே வேற்றுமை இருக்கிறதோ அதை மனம் விட்டுப் பேச வேண்டும். அவ்வளவுதான். சண்டையை முன்கூட்டியே போட்டு முடித்துவிடும் ஏற்பாடு.

நமக்கு இது புதிதா? வேலைநிறுத்தத்துக்கு முன்னால் எல்லா இலாகா பிரதிநிதிகளையும் கூட்டி, யாருக்கு எது முக்கியக் கோரிக்கை என்று ராத்திரி முழுவதும் வாதாடுகிறோமே, அதுவும் இதுதான். அந்த வாதத்தைத் தள்ளிப்போட்ட சங்கம் மூன்றாம் நாள் உடைந்து போவதை நாம் பார்த்திருக்கிறோம்.

நம் பாஷையில் நடக்குமா?

"தமிழில் இதெல்லாம் நடக்குமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். ஏன் நடக்காது? அயோத்தியாகுப்பத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த தோழர் சிங்காரவேலர், 1923 மே 1ஆம் தேதி இந்தச் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றியவர், 1930களில் "குடி அரசு" பத்திரிகையில் விஞ்ஞான விஷயங்களைத் தமிழில் எழுதினார். அவர் வக்கீல், விஞ்ஞானத் துறைக்காரர் அல்ல. ஆனால் தொழிலாளிக்கு எது தெரிய வேண்டுமோ அது எந்தத் துறையில் இருந்தாலும் தேடி எடுத்தார். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. கணிதம் முதல் கால்நடை வரை அறிந்தவர்கள் தமிழில் எழுதினார்கள்.

அதற்கும் முன்னால், நம் திருவொற்றியூர்க் கோயிலிலேயே சோழர் காலத்தில் வியாகரணம் கற்பிக்க ஒரு மண்டபம் இருந்ததென்று கல்வெட்டு சொல்கிறது. அந்த மண்டபத்தில் பாணினியின் இலக்கணம் ஒலித்தது. நாலடி தூரத்தில் வலை இழுத்தவன் காதில் அது விழுந்திருக்காது. விழ வேண்டும் என்று யாரும் நினைக்கவுமில்லை. இன்றைக்குச் சமஸ்கிருதத்தின் இடத்தில் இங்கிலீஷ் உட்கார்ந்திருக்கிறது. எண்ணூரைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூலை எண்ணூர்க்காரன் படிக்க முடியவில்லை என்றால், மண்டபம் மாறியிருக்கிறது, மதில் மாறவில்லை.

நம் வீட்டுக் குப்பையும் பார்ப்போம்

பல்கலைக்கழகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தால் அது யோக்கியமல்ல. நம் பக்கமும் துறைகள் உண்டு. 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. முதல் நாள் அறிக்கையில் எண்ணெய் மாசு இல்லை என்றார்கள். பிறகு கரை முழுவதும் கருப்பாயிற்று. வாளியால் எண்ணெயை அள்ளியவர்களில் மீனவரும் மாணவரும் கூலிகளும் இருந்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் கொசஸ்தலை ஆற்றின் வழியாகவும் முகத்துவாரத்துக்கு வந்து, குப்பங்களில் வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் அப்பிற்று. சில வாரத்திலேயே அம்மோனியா.

அப்போது மீனவர்கள், "ஆலையை மூடு!" என்று பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆலைத் தொழிலாளிக்கு, "மூடினால் என் வேலை போகுமே" என்ற பயம். நமது தோழர்கள் சிலர் இரண்டு பக்கத்துக்கும் போகத் தயங்கினார்கள். நானும் தயங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பந்தலுக்கு எதிர்ப் பக்கத்து டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்; மூன்றாம் நாள்தான் ரோட்டைக் கடந்தேன். என்ன பேசுவது என்று தெரியாததுதான் காரணம். குழாயில் எவ்வளவு அழுத்தம், எப்போது சோதித்தார்கள், அபாயச் சங்கு ஏன் ஊரில் கேட்கவில்லை என்பவை தொழிலாளிக்குத் தெரிந்த விஷயங்கள். காற்று எப்போது வாடையாகும், எப்போது கொண்டலாகும், கல் எங்கே புரண்டது என்பவை மீனவனுக்குத் தெரிந்த விஷயங்கள். இருவரும் பேசியிருந்தால், "மூடு", "மூடாதே" என்ற இரண்டு கோஷங்களுக்கு நடுவில், "எங்களைக் கேட்காமல் குழாயைத் திறக்காதே!" என்ற மூன்றாவது கோஷம் பிறந்திருக்கும். அது பிறக்கவில்லை. அந்த நஷ்டத்துக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பல்ல, நாம்தான் பொறுப்பு.

செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களே, உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். முதலாவது, எண்ணூருக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள், இதற்கு முன் வந்துபோன வேறு துறைக்காரர் ஒருவரையாவது தேடிப் பிடித்துச் சந்தித்துவிட்டு வாருங்கள். சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கிறோம். யார் வந்தார், எதை அளந்தார் என்று அதில் எழுதுங்கள். இரண்டாவது, புட்டியில் தண்ணீர் எடுத்தால் அந்தத் தண்ணீர் என்ன சொன்னது என்பதை நாலு பக்கத்தில் தமிழில் எழுதி, எடுத்த இடத்திலேயே வந்து வாசியுங்கள். மூன்றாவது, எங்களை விஷயம் சொல்கிற ஆட்களாக மட்டும் நினைக்காதீர்கள். கேள்வியைத் தயாரிக்கும்போதே எங்களையும் கூப்பிடுங்கள்.

பல்கலைக்கழகங்களிடம் கேட்பது ஒன்று. துறை தாண்டிப் பேசுகிற உழைப்பை உழைப்பு என்று ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு துறை மாணவர்கள் சேர்ந்து ஒரு பிரச்னையை ஆராய்ந்தால், அதற்கு மதிப்பும் உதவித்தொகையும் கொடுங்கள்.

தொழிலாளித் தோழர்களே, நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மாதத்தில் ஒருநாள், ஆலைத் தொழிலாளியும் மீனவரும் மாணவரும் வைத்தியரும் இந்தக் கட்டிடத்தில் ஒன்றாக உட்கார வேண்டும். முதல் கூட்டத்துக்கு ஒரே பொருள் போதும்: அபாயச் சங்கு ஊதினால் யார் எந்தப் பக்கம் போக வேண்டும்? ரசாயனம் படித்தவர் வாயுவைச் சொல்லட்டும், மீனவர் காற்றைச் சொல்லட்டும், வைத்தியர் முதலுதவியைச் சொல்லட்டும், வீட்டிலிருக்கும் தாய்மார்கள் எந்தச் சந்தில் கதவு அடைத்திருக்கிறது என்று சொல்லட்டும். நாலும் சேர்ந்தால் ஒரு பக்க நோட்டீஸ் ஆகும். அந்த நோட்டீஸ், அலமாரியில் தூங்கும் நூறு புத்தகத்துக்குச் சமம்.

கிரேனைப் பற்றித் தொடங்கினேன், கிரேனிலேயே முடிக்கிறேன். பாரம் தூக்கும்போது சைகை காட்ட ஒரே ஓர் ஆளுக்குத்தான் உரிமை. ஹபேஸ் சொல்வதும் ஆரியா சொல்வதும் அவர் வேலை. மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. ஆனால் ஒரு சைகைக்கு மட்டும் இந்த விதி கிடையாது. "நிறுத்து" என்ற சைகையை யார் காட்டினாலும், நேற்று வேலைக்கு வந்த பையன் காட்டினாலும், கிரேன் ஓட்டுபவர் நிறுத்தியாக வேண்டும். ஏனென்றால் அபாயத்தை முதலில் பார்க்கிறவன் எந்த மூலையில் நிற்கிறான் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

விஞ்ஞானத்துக்கும் அந்த விதி வேண்டும். அந்தச் சைகை எல்லாத் துறைக்கும் புரிய வேண்டும். அது குப்பத்து மூதாட்டியின் கையிலும் இருக்க வேண்டும். அதற்கான பேச்சை இன்றைக்கே இங்கேயே தொடங்குவோம், தோழர்களே!